மாதுளைக்குப் பூட்டிய ஒட்டியாணம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். மனசுக்குப் பிடித்துவிட்டால் போதும், எதற்கும் நகை பூட்டிவிடுவார். யானைக்குப் பூட்டினார், குதிரைக்குப் பூட்டினார், கடைசியில் அரண்மனைத் தோட்டத்து மாதுளையிடம் வந்து நின்றார். அதன் பழத்தைத் தின்று சொக்கிப்போய், "இந்த மரத்துக்கு நான் என்ன செய்வேன்?" என்று சபையில் கேட்டார்.

பொக்கிஷத் தலைவர் மகுடேசர் விடுவாரா? "பொன்னில் ஒட்டியாணம் பூட்டலாம் மகாராஜா" என்றார். கள்ளன் உருவ முடியாதபடி, முழங்கால் உயரத்தில் அடிமரத்துப் பட்டையை நான்கு விரல் அகலம் சுற்றிச் சீவி, அந்தப் பள்ளத்தில் பொன்னை இறுக்கிப் பதிப்பது என்று ஏற்பாடு. தோட்டக்காரி காத்தாயி ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"பட்டையச் சீவாதீங்க சாமி, மரம் செத்துப்போவும்!"

"மரம் வேரால் தண்ணீர் குடிக்கிறது. தோலில் என்ன இருக்கிறது?" என்று மகுடேசர் அவளை விரட்டினார். ராஜா தம் கையாலேயே ஒட்டியாணத்தைப் பூட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் மாதுளை என்றுமில்லாதபடி காய்த்துத் தள்ளியது. மகுடேசருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. காத்தாயி வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். மறுவருஷம் இலை வெளுத்து, கொழுந்து கருகத் தொடங்கியதும் மகுடேசர் முந்திக்கொண்டார். "அன்றே இவள் தடுத்தாள் மகாராஜா. இப்போது வஞ்சம் வைத்துத் தண்ணீரை நிறுத்திவிட்டாள்" என்றார்.

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விகடகவி பூவராகன் மட்டும் எழுந்தான். ராஜாவைச் சிரிக்க வைத்தே பேர் வாங்கியவன் அவன். அதனாலேயே மகுடேசருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"தண்ணீர் குறையவில்லை மகாராஜா. குற்றம் ஒட்டியாணத்தின்மேல்" என்றான்.

"நான் பூட்டியது குற்றமா?" ராஜாவின் முகம் சிவந்தது. "இன்று முதல் அந்த ஒட்டியாணத்தில் கை வைப்பவன் எவனானாலும் கழுமரம் ஏறுவான். மரமும் சாகக் கூடாது. அறுபது நாளில் துளிர் வராவிட்டால் அவளோடு நீயும் கழுவேறுவாய்."

மகுடேசர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். பூவராகன் விழுந்தடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான். சிரிக்க வைத்துப் பிழைப்பவனுக்கு உயிர்ப்பயம் இருக்காது என்று யார் சொன்னது?

"உங்கள யாரு ஐயா எந்திரிக்கச் சொன்னா?" என்று காத்தாயி அழுதாள். "ஒரு உசுரோட போறது ரெண்டா ஆயிப்போச்சே!"

"வாய் முந்திக்கிச்சு தாயி, நானும் கூடவே எந்திரிச்சிட்டேன். அழுகைய விடு. மரத்துக்கு என்னதான் நோவு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தண்ணி உள்கட்ட வழியா மேல ஏறும். எலைதான் அடுப்படி. அங்க ஆக்குற சோறு பட்ட வழியாத்தான் வேருக்கு எறங்கணும். அந்த வழியத்தான் சீவிப்புட்டாங்களே! எறங்க வேண்டியதெல்லாம் மேலயே தங்கி, போன வருஷம் காயாக் காச்சுது. வேரு பட்டினி. பட்டினி கெடக்குற வேரு எத்தன நாளைக்குத் தண்ணி எறைக்கும்?"

ஒட்டியாணத்துக்குச் சற்று மேலே பட்டை வீங்கிப் புடைத்திருந்தது. "இது என்ன?" என்றான் பூவராகன்.

"எறங்க வழியில்லாம தேங்கின சோறு. பதியம் போடுறப்ப கெளையச் சீவினாலும் இப்படித்தான் பொடைக்கும். அதுல ஈரமண்ண வச்சுக் கட்டினா வேர் விடும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இரண்டு பேரும் அந்த வீக்கத்தையே பார்த்தார்கள்.

"சோறு வேருக்குப் போவலேன்னா, சோத்துக்கிட்ட வேரக் கொண்டாந்துட வேண்டியதுதான்!" என்றான் பூவராகன்.

அன்றே மரத்தைச் சுற்றிக் கல் அடுக்கி, செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து இடுப்பளவு நிரப்பினார்கள். ஒட்டியாணம் மண்ணுக்குள் மறைந்தது. மகுடேசர் சொல்லி ராஜாவே நேரில் வந்துவிட்டார்.

"என் நகையைப் புதைத்தாயா?"

"தங்கள் ஆணை கை வைக்கக் கூடாது என்பதுதான் மகாராஜா. மூடக் கூடாது என்று சொல்லவில்லையே? மகாராணியாரும் ஒட்டியாணத்தின்மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறார். அது நகைக்கு அவமானமா?"

ராஜாவின் மீசை துடித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அறுபது நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பதாம் நாள் மரத்தில் ஒரு இலைகூட மிச்சமில்லை. மகுடேசர் வேலிக்குப் பக்கத்தில் இரண்டு கழுமரங்களை நட்டு வைத்தார். பூவராகன் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று துடித்தான். "இளவேரு அந்துபோவும் ஐயா" என்று காத்தாயி கையைத் தட்டிவிட்டு, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

அறுபதாம் நாள் சபையே தோட்டத்தில் கூடியது. மொட்டை மரத்தைப் பார்த்து ராஜா காவலர்களை அழைக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் காத்தாயி ஒரு குச்சியை வளைத்துக் காட்டினாள். கணுவில் எள்ளளவுக்கு ஒரு சிவப்புத் துளிர்.

"காய்ந்த கணு" என்றார் மகுடேசர்.

ராஜா குனிந்து நகத்தால் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அடுத்த கணுவிலும் ஒன்று, அதற்கடுத்ததிலும் ஒன்று. பூவராகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மகுடேசருக்குப் பொறுக்கவில்லை. "ஒட்டியாணத்தைக் கழற்றித் திருடியிருக்கிறார்கள் மகாராஜா! அதனால்தான் மரம் பிழைத்திருக்கிறது!" என்று கூவினார்.

"தோண்டுங்கள்" என்றார் ராஜா.

பூவராகன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்கள் விரல் தவறிப் பட்டுவிட்டால் உயிர் போய்விடும் மகாராஜா. பொக்கிஷத் தலைவரே பார்க்கட்டும்."

மகுடேசர் இரண்டு கையாலும் மண்ணை வாரினார். வெள்ளை வெளேரென்று இளவேர்கள் தெரிந்தன. "மெதுவா, மெதுவா!" என்று காத்தாயி பதறினாள். வேர்களுக்குக் கீழே ஏதோ மின்னியது.

"பித்தளை! மாற்றிவிட்டார்கள்!" மகுடேசர் அதை இறுகப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பசும்பொன்னாக ஜொலித்தது.

பூவராகன் மெல்லக் கேட்டான்: "மகாராஜா, ஒட்டியாணத்தின்மேல் இருப்பது யாருடைய கை?"

மகுடேசரின் கண் வேலியோரக் கழுமரத்துக்குப் போயிற்று. பிடித்த கையை எடுக்கவும் அவருக்குத் தெம்பில்லை. இந்தக் காட்சிக்காகத்தான் பூவராகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கட்டிய கையை அவிழ்த்துக் கும்பிட்டான்.

"அந்த ஆணையை எடுத்துவிடுங்கள் மகாராஜா. அது இருக்கிறவரை யாருடைய உயிரையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்" என்றான்.

ராஜா குனிந்து அந்த இளவேர்களைப் பார்த்தார். பிறகு ஆணையை நீக்கினார். கழுமரம் இரண்டையும் சமையற்கட்டுக்கு விறகாக அனுப்பினார். ஒரு வருஷம் மாதுளைக்குத் தண்ணீர் சுமப்பது மகுடேசர் வேலை என்றார். பூவராகனுக்கு நல்ல விளைநிலம் பத்து வேலி மானியமாகக் கிடைத்தது.

ராஜா அதோடு விடவில்லை. மனம் நெகிழ்ந்துபோய், தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு காத்தாயியிடம் வந்தார். அவள் பதறி இரண்டடி பின்னால் போனாள்.

"வேண்டாஞ் சாமி! எனக்கு எதையும் பூட்டிராதீங்க. நான் இன்னுங் கொஞ்ச நாளு உசுரோட இருக்கணும்."

நீட்டிய மாலையோடு ராஜா அப்படியே நின்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாலையைத் தம் கழுத்திலேயே திரும்பப் போட்டுக்கொண்டு, "இனி இந்தத் தோட்டத்தில் எதைத் தொட்டாலும் உன்னைக் கேட்டுத்தான் தொடுவேன்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்தார்.