தண்ணீர் வரும் நாள்

முனைவர் தணிகைநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு செல்லக்கனிக்கு முப்பத்தாறு. காசநோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர். குருவைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் முனைவர் யாரையும் மேற்கோள் காட்டவில்லை.

அவர் ஒரு நுண்துகள் செய்திருந்தார். ஒரு தலைமுடியின் அகலத்தில் நானூறு துகள்களை நிறுத்தலாம். கிருமி ஒளிந்திருக்கும் செல்லுக்குள்ளேயே புகுந்து, அதே பழைய மருந்தை மெல்ல மெல்ல அவிழ்க்கும்.

"தினமும் மாத்திரை வேண்டாம், சிஸ்டர். வாரம் ஒரு தடவை போதும். எலிகள் பிழைத்துவிட்டன. ஜனங்கள் மறதியில்தானே மாத்திரையை விடுகிறார்கள்?"

"எலி எங்க இருந்துச்சு?"

"கூண்டில்."

"குடுத்து வச்ச எலி. வாங்க."

லைன் வீடுகள். பன்னிரண்டு குடும்பம், ஒரு கழிப்பறை. உலகம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். எந்த மருந்துக்கும் அவளுடைய காசநோய்க் கிருமி அடங்கவில்லை என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள்.

"மாத்திரையை எப்பப்ப போட்டேன்னு சார்கிட்ட சொல்லு."

"தண்ணி வர்ற அன்னைக்கு."

"ஏம்மா?" என்றார் முனைவர்.

அவள் செல்லக்கனியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"போட்டா ஒண்ணுக்குச் செவப்பா போகும், சார். ஊத்திவிடத் தண்ணி வேணும்லா? யாராச்சும் பாத்தா நோவுன்னு தெரிஞ்சுரும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாவ."

தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை.

முனைவர் அவசரமாகத் தன் துகளைப் பற்றிச் சொன்னார். வாரம் ஒரே ஒரு தடவை.

"எப்ப வரும்?"

"பத்து வருஷமாவது ஆகும்."

உலகம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எனக்குன்னு கேக்கல. எம் மவளும் இருமுதா. அதைப் போட்டா அன்னைக்கு மட்டும் செவக்குமா, வாரம் பூரா செவக்குமா?"



வெளியே வந்ததும் முனைவர் சொன்னார்: "அதை நாங்கள் பார்க்கவில்லை. கூண்டில் எலியின் சிறுநீர் ஊறிய மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டோம்."

"மருந்து உள்ள போற வழியைப் பாத்தீங்க, சார். வெளிய வர்ற வழியில பன்னெண்டு வீடு இருக்கு."

"மகளுக்கு?"

"அவளுக்கு இன்னும் மாத்திரைக்கு அடங்குற கிருமிதான். நாளைக்கு ஆரம்பிக்கிறோம்."

"நாளை செவ்வாய். தண்ணீர்?"

"போன வெள்ளிக்கிழமையே வந்திருக்கணும். இன்னும் வரல."