எட்டாமழை

முன்னொரு காலத்திலே செம்பாறை நாடு என்று ஒரு நாடு. அதை அரிகண்ட பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தன் கண்ணால் கண்டதை யாராவது இல்லையென்று சொல்லிவிட்டால் போதும், மூக்குநுனி சிவந்துவிடும்.

ஒரு கோடையில் கரட்டூரிலிருந்து வீராயி என்ற பெண் காலிக்குடத்தோடு சபைக்கு வந்தாள்.

"மகாராசா, எங்க ஊர்ல மழையே இல்லீங்க. கிணறெல்லாம் வத்திப்போச்சு. புள்ளைங்க தண்ணி தண்ணின்னு தவிக்குதுங்க. அரண்மனை ஏரியைக் கொஞ்சம் தொறந்துவிடச் சொல்லுங்க சாமி."

ராஜாவின் மூக்கு சிவந்தது. "மழை இல்லையா? நேற்று மாலை மேல்மாடத்தில் நின்று நானே பார்த்தேன். உங்கள் ஊருக்கு மேலே மேகத்திலிருந்து சரம்சரமாக இறங்கியது!"

இதற்காகவே காத்திருந்தவர்போல ஏரி அதிகாரி சூரப்பர் முன்னால் வந்தார். ஏரி நிரம்பியிருந்தால்தான் தெப்பத் திருவிழா. தெப்பத்தில்தான் ராஜாவின் பக்கத்தில் அவருக்கு ஆசனம். மற்ற நாளெல்லாம் அந்த இடம் மந்திரி வெண்காடருக்கு. அதில் சூரப்பருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"மன்னரின் கண் பொய் சொல்லுமா? இவள் நாக்குத்தான் பொய் சொல்கிறது. சிறையில் தள்ளுங்கள்!" என்றார்.

ராஜா மந்திரியைப் பார்த்தார். "வெண்காடரே, நீர் சொல்லும். மழை பெய்ததா, இல்லையா?"

பெய்யவில்லை என்றால் ராஜா பொய்யராவார். பெய்தது என்றால் வீராயிக்குச் சிறை, அவள் ஊருக்குத் தண்ணீரில்லை.

"பெய்தது மன்னா. ஊருக்கு வரவும் இல்லை," என்றார் மந்திரி.

"என்னய்யா உளறுகிறீர்?"

"இப்போதெல்லாம் சாயங்காலந்தோறும் மேகம் கூடுகிறது. நாளை கரட்டூர் மலையுச்சிக்கு எழுந்தருளுங்கள். சூரப்பர் அடிவாரத்தில் வெள்ளிச்செம்போடு நிற்கட்டும். ஒரு மிடறு மழையைப் பிடித்து வந்தாலும் அவர் சொன்னதே சரி. இந்தப் பெண்ணோடு நானும் சிறைக்குப் போகிறேன்."

சூரப்பருக்கு வாயெல்லாம் பல். "ஒரு மிடறு என்ன, செம்பு வழியக் கொண்டுவருகிறேன்!"

மறுநாள் மலையுச்சியில் ராஜா நின்றார். மேகம் கறுத்தது, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ராஜா குழந்தைபோலக் கைகொட்டினார். "பாரும், மழை! என் கண்ணா பொய் சொல்லும்?"

"கொஞ்சம் கீழேயும் பாருங்கள், மன்னா."

ராஜா விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் தோளை நனைத்த மழை அவரைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க மெலிந்தது, புகைபோல ஆனது, பிறகு இல்லவே இல்லை. அதற்கும் கீழே வெயிலில் புழுதி பறந்தது. அந்தப் புழுதியில் சூரப்பர் ஒரு சின்னப் பொம்மையாக நின்று, செம்பை வானத்துக்கு நீட்டிக்கொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜா கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் துளிகள் விழுந்தன, குளிர்ந்தன, வழிந்து கீழே போயின. அவை எங்கேதான் போயின? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"காற்று குடித்துவிடுகிறது, மன்னா," என்றார் வெண்காடர். "கீழே அனல். தரையைத் தொடுமுன்னே துளி ஆவியாகிவிடுகிறது."

ராஜா கிரீடத்தைக் கழற்றி, வெறுந்தலையில் அந்த மழையை வாங்கிக்கொண்டார். வழிகாட்ட வந்திருந்த வீராயியிடம், "இதற்கு என்னம்மா பேர்?" என்று மெல்லக் கேட்டார்.

"எட்டாமழைம்போம் சாமி. கண்ணுக்குத் தெரியும், தரைக்கு எட்டாது. அதை நம்பித்தான் தெனமும் குடத்தை வாசல்ல வைக்கிறோம்."

மழை ஓய்ந்த பிறகு மூச்சிரைக்க மலையேறி வந்த சூரப்பரின் செம்பில் ஒரு சொட்டுக்கூட இல்லை. "ஏரியைத் திறந்துவிடும்!" என்று ராஜா அங்கேயே உத்தரவு போட்டார்.

அரண்மனைக்குத் திரும்பியதும் ராஜாவுக்கு அந்தப் பேர்மீது தீராத ஆசை வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் எட்டாமழை, புலவர் வந்தால் எட்டாமழை, சமையற்காரன் வந்தாலும் எட்டாமழைதான். அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது வீராயி மறுபடி சபைக்கு வந்தாள். இடுப்பில் அதே காலிக்குடம்.

"வா அம்மா, ஊருக்குத் தண்ணீர் வந்ததா?"

"உத்தரவு நல்லாத்தான் பெஞ்சுதுங்க மகாராசா, மலைமேல நானே கேட்டேன். ஊருக்குத்தான் இன்னும் வந்து சேரலை. அதுவும் எட்டாமழைதானுங்க."

சூரப்பர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். "தெப்பம் முடியட்டும் என்று... கொஞ்சம்..."

ராஜாவின் மூக்கு இந்த முறை சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்தது. சிம்மாசனத்தை விட்டு இறங்கி ஏரிக்கு நடந்தார். தன் கையாலேயே மதகின் பூட்டைத் திறந்து பலகையைத் தூக்கினார். தூர்ந்து கிடந்த வாய்க்காலைச் சூரப்பர் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே முன்னால் போக, பின்னால் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு ராஜாவும் வெறுங்காலில் கரட்டூர்வரை வந்தார். பிள்ளைகள் எல்லாரும் குடித்து முடிக்கும்வரை அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அன்றே மதகின் சாவி வீராயியின் கைக்குப் போனது. வெண்காடருக்கு ராஜா தன் முத்துமாலையைப் போட்டார். தெப்பம் அந்த வருஷம் சேற்றில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அரிகண்ட பூபதி எந்த உத்தரவு போட்டாலும், "தரையைத் தொட்டதா?" என்று கேட்டு, தொட்டது என்ற பதில் வந்த பிறகே சாப்பிட உட்காருவாராம்.