இசக்கியின் சைக்கிள் சீட்

கணக்கு வாத்தியார் தேவசகாயத்துக்கு அன்று மனசே சரியில்லை. பிளஸ் ஒன் படிக்கிற இசக்கி டி.சி. வாங்க வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். நாளையிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறாளாம். ஏன் என்று கேட்டால், "கணக்கு வரல சார்" என்கிறாள். ஆயுசு முழுக்கக் கணக்கு நடத்திய மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது?

தலைமையாசிரியை மரகதவல்லி வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் படிப்பை விடப் பார்த்த எத்தனையோ பிள்ளைகளைத் திரும்ப வகுப்பில் உட்கார வைத்தவர். தேவசகாயம் கௌரவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் போனார்.

"மேடம், நான் யாருக்கும் பாரபட்சம் பாத்ததில்ல. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே மாதிரிதான் நடத்துறேன். இவ மட்டும் ஏன் ஓடுறா?"

"சொல்றேன் சார். டி.சி.க்கு சீல் வைக்க மை தீந்துபோச்சு. கடைத்தெருவுல வாங்கிட்டு வந்துருங்களேன். இசக்கி சைக்கிள எடுத்துக்கோங்க."

கேட்டதற்கு இதுவா பதில் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்த சைக்கிள்தான். இவரோ நெடுநெடுவென்று வளர்ந்தவர். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. முதல் திருப்பத்திலேயே பஞ்சர் கடையில் நிறுத்திச் சீட்டை ஏற்றச் சொன்னார். அப்புறம் ஜம்மென்று போய் மை வாங்கி வந்து கொடுத்தார்.

மரகதவல்லி மூடி திறந்த மை பாட்டிலோடு வாசலுக்கு வந்தார்.

"இசக்கி, உன் சைக்கிள ஏறிப் பாத்துக்கோ."

ஏறினாள். கால் பெடலுக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடியது.

"ஏத்தினது நீங்கதான சார். இறக்கிவிடுங்க" என்று மரகதவல்லி ஒரு ஸ்பேனரை நீட்டினார்.

தேவசகாயம் குனிந்து நட்டைத் தளர்த்தினார்.

"இப்ப சரியா இருக்கா?"

"இல்ல சார், இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சூண்டு."

"நல்லா மிதிச்சுப் பாரும்மா. அவசரமில்ல."

"ஆங், இப்ப சரி சார்."

வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மரகதவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே சைக்கிள்தான குடுத்தோம்? இவளுக்கு மட்டும் கேட்டுக் கேட்டு இறக்குறீங்களே, இது பாரபட்சம் இல்லையா சார்?"

தேவசகாயத்துக்குக் காது மடல் சுட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இசக்கியிடம் மெதுவாகக் கேட்டார்.

"கணக்குல உனக்கு எதுவரைக்கும் நல்லா வரும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "வகுத்தல் வரைக்கும் சார். பின்னம் வந்ததுமே விட்டுப்போச்சு."

'அது ஆறாம் வகுப்புப் பாடமாச்சே!' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். படியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த சாக்பீஸால் சிமெண்ட் தரையில் ஒரு வட்டம் போட்டு, அதை இரண்டாகப் பிரித்தார்.

இசக்கி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தேவசகாயம் தயங்கி நிமிர்ந்தார். "மேடம், டி.சி....?"

மரகதவல்லி மை பாட்டிலைத் திருகி மூடினார்.

"மை ஒண்ணும் கெட்டுப்போகாது சார். நீங்க நடத்துங்க."