செவலை இழந்த பேச்சு

அந்தக் காலத்தில் நாய்க்கும் பேச்சு இருந்தது. இருந்தது என்றால் சும்மா இல்லை, வாய் ஓயாத பேச்சு. கண்மாய்க்கரைப் பொட்டலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த இருளாயியின் நாய் செவலை, விடிந்ததும் ஆரம்பித்தால் பொழுது அடைகிற வரை நிறுத்தாது. எந்த ஆடு நொண்டுகிறது, எந்தக் குட்டி பால் குடிக்கவில்லை, மேற்கே மழை இருட்டுகிறதா என்று ஒன்று விடாமல் சொல்லும்.

இருளாயிக்கு அந்தப் பேச்சுதான் துணை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. ஊரோ எட்டத்தில் இருந்தது. கிடைக்காரியைத் தேடி யார் வரப்போகிறார்கள்? செவலை மட்டும் இல்லையென்றால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று ஆடுகளிடம் சொல்லிக்கொள்வாள்.

செவலை கிடையின் அந்தக் கோடியில், வெறுந்தரையில்தான் படுக்கும். மார்கழிப் பனி வந்ததும் இருளாயிக்கு மனசு கேட்கவில்லை. ஆடுகள் தின்று மிச்சம் போட்ட பூவரசங்குழையை வாரி, தன் கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெத்தை மாதிரிக் குவித்தாள். நாயின் குளிருக்கு என்று சொன்னாளே தவிர, அதன் குரல் பக்கத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

சருகுக்குள் என்ன கிடக்கிறதோ என்று செவலை தயங்கியது. தான் ஆசையாய்ப் போட்டதில் படுக்க மாட்டேன் என்கிறதே என்று இருளாயிக்கு முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நாய் அப்படியே போய் விழுந்தது.

உள்ளே கண்ணாடி விரியன் கிடந்தது. முன்னங்காலில் கடித்துவிட்டது.

கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. இருளாயி கம்பை எடுக்கவில்லை. பாம்பின் முன்னால் மண்டியிட்டாள். மேலே வந்து விழுந்ததால் கடித்தேன், பகை ஒன்றும் இல்லை என்றது விரியன். விஷத்தைத் திரும்ப உறிஞ்ச அந்தக் காலத்துப் பாம்புக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்றது அது.

"விஷம் நாக்கு வரைக்கும் ஏறிருச்சு. எடுத்தா அதோட சேந்து நாயோட பேச்சும் போயிரும். யோசிச்சுச் சொல்லு."

பொய் சொல்வானேன், இருளாயி யோசிக்கத்தான் செய்தாள். இந்தப் பொட்டலில் இனி ஒரு குரல் இல்லை என்று நினைத்துப் பார்த்தாள். செவலை அவள் மடியில் தலையை வைத்தது.

"ஆத்தா, நான் போயிட்டா நீ யாருகிட்டப் பேசுவ?"

"உசுரோட கெட. அது போதும் எனக்கு" என்றாள் இருளாயி.

விரியன் கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சிவிட்டு, கரைப்பக்கம் ஊர்ந்து போனது.

விடிந்ததும் செவலை எழுந்து நொண்டிக்கொண்டே ஆடுகளைச் சுற்றி வந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தது. வள் என்றுதான் வந்தது. அன்றைக்கெல்லாம் இருளாயி அழுதாள். பிறகு குழையை வாரி எட்டத்தில் கொட்டிவிட்டு, கட்டிலடியைச் சுத்தமாகக் கூட்டினாள். அப்படியும் செவலை உடனே படுக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, தரையை மோந்து, காலால் பறித்துப் பார்த்துவிட்டுத்தான் சுருண்டது.

எந்த ஆடு நொண்டுகிறது என்று பழக்கத்தில் கேட்டாள் இருளாயி. அது தலையைச் சாய்த்து அவள் முகத்தையே பார்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

அன்று முதல்தான் நாய்க்கு வள் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை, தன் இடத்தைச் சுற்றிப் பார்க்காமல் அது படுப்பதும் இல்லை. தனியாக இருக்கிற மனிதர்கள் நாயிடம் பேசுவதும், பதில் வராது என்று தெரிந்தே கொஞ்ச நேரம் காத்திருப்பதும் அன்று முதல்தான்.