இன்று யார் என்ன சொன்னார்?

"அடிகளே, கற்பிப்பதை எனக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்?"

மழை தொடங்கிய மூன்றாம் நாள், வெண்குன்றத்துக் குகை வாசலில் தலை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு சேந்தனார் இப்படிக் கேட்டார்.

உள்ளே இருந்தவர் ஒரு குரத்தி. பாடம் சொல்லும் சமணப் பெண் துறவியை அந்நாளில் அப்படித்தான் அழைத்தார்கள். ஆண்டு முழுக்க ஊர் ஊராக நடப்பவர். மழைக்காலத்தின் நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார். அந்த ஆண்டு வெண்குன்றத்தில் தங்கியிருந்தார். சேந்தனாரைவிடப் பத்து வயதாவது இளையவர்.

குரத்தி மயிற்பீலியால் தரையை மெல்லக் கூட்டினார். எறும்பு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உட்காருங்கள்."

சேந்தனார் உட்கார்ந்தார். பேசத் தொடங்கினார்.

"இருபது ஆண்டாக எண்ணும் எழுத்தும் கற்பிக்கிறேன். நாற்பது பேர் இருந்த பள்ளி. ஒவ்வொருவராக ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்."

"என்னென்ன செய்து பார்த்தீர்கள்?"

"எதைச் செய்யவில்லை? புதிய சுவடிகளைத் தேடித் தேடிப் படித்தேன். வெட்கத்தை விட்டு அக்கரைக்கே போய் அந்த ஆசிரியரின் வகுப்பில் கடைசியாக உட்கார்ந்து கவனித்தேன். நடுநடுவே கதை சொல்கிறார். நானும் சொன்னேன். சிரிக்க வைக்கிறார். நானும் முயன்றேன். பிரம்பைக்கூட ஆற்றில் எறிந்துவிட்டேன்."

"பிறகு?"

"பதின்மூன்று பேர் இருந்தார்கள். பதினொருவர் ஆனார்கள்."

குரத்தி சிரிக்கவில்லை.

"போனவர்களில் யாரை நினைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள்?"

சேந்தனார் வெளியே மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வெண்ணி."

உப்பு வணிகர் வீட்டுப் பெண் அவள். பெற்றோர் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். படிக்கட்டும் என்று அத்தை வீட்டில் விட்டுவைத்தார்கள். இரண்டு ஆண்டு படித்தாள். ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அத்தையிடம் கேட்டதற்கு, வண்டியோடு போய்விட்டாள் என்றாள். அதோடு சரி.

"மூன்று ஆண்டு ஆகிறது, அடிகளே. மழை விட்டதும் உப்பு வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். மணிச் சத்தம் கேட்டால் ஏதாவது வேலை இருப்பதுபோலச் சாலைப் பக்கம் போய் நிற்பேன். ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பேன். அப்படியொரு பிள்ளை எனக்கு வாய்த்ததில்லை. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"கடைசி நாள் பள்ளியில் அவள் என்ன சொன்னாள்?"

"கடைசி நாளா? நன்றாக நினைவிருக்கிறது. அன்று பின்னங்கள் நடத்தினேன். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று..."

"அது நீங்கள் சொன்னது."

சேந்தனார் நினைவைத் துழாவினார்.

அவள் உட்காரும் இடம் நினைவுக்கு வந்தது. எண்ணும்போது விரல்களை முழங்காலில் தட்டும் பழக்கம் நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டில் அவள் சொன்ன சொற்களில் ஒன்றுகூட வரவில்லை.

"நாளை மாலை வாருங்கள்" என்றார் குரத்தி. "உங்கள் பள்ளியில் யாராவது ஒருவர் சொன்னது, ஒன்றே ஒன்று, கொண்டுவாருங்கள். நீங்கள் சொன்னது வேண்டாம்."

மறுநாள் மாலை சேந்தனார் வெறுங்கையோடு வந்தார்.

"இன்று யார் என்ன சொன்னார்?"

"யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அடிகளே."

"நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"பேசிக்கொண்டிருந்தேன்."

"நாளை வாருங்கள்."

மூன்றாம் நாள் ஒன்று கிடைத்தது. "'ஐயா, மழை எப்போது நிற்கும்?' என்று மாறன் கேட்டான்."

"ஏன் கேட்டானாம்?"

தெரியவில்லை.

"நாளை வாருங்கள்."

மாறன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இரவெல்லாம் தாயும் பிள்ளையும் பானையை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை நான்காம் நாள் சேந்தனார் தெரிந்துகொண்டார். வகுப்பில் அவன் தூங்கி வழிவதற்காக, மழை தொடங்கியதிலிருந்து அவனை நிற்கவைத்துக்கொண்டிருந்தார். அதைக் குரத்தியிடம் சொல்லவில்லை. மறுநாள் மாறனை உட்காரச் சொன்னார்.

தினமும் ஒரு காதம் நடை. போக அரை, வர அரை. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து போவார். குரத்தி கேட்பது ஒரே கேள்வி. இவர் சொல்லுவார். அவர் அதைப்பற்றி இன்னொன்று கேட்பார். அதற்குப் பெரும்பாலும் இவரிடம் விடை இருக்காது. திரும்பி நடப்பார்.

பிள்ளைகள் பேசவேண்டுமே! அதற்காகக் கேள்வி கேட்கத் தொடங்கினார். கேட்டுவிட்டு, மூச்சு விடுவதற்குள் விடையையும் தாமே சொல்லிவிடுவார். இருபது ஆண்டுப் பழக்கம்.

"என்னால் சும்மா இருக்க முடியவில்லை" என்று ஒரு மாலை ஒத்துக்கொண்டார். "கேள்வி கேட்டதும் ஓர் அமைதி வருகிறது பாருங்கள், அதைத் தாங்க முடியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாதோ என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று இருக்கிறது."

குரத்தி பதில் சொல்லவில்லை.

சேந்தனார் காத்திருந்தார். மழை பெய்தது. குகை விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. சேந்தனார் தொண்டையைக் கனைத்தார். மேலாடையைச் சரிசெய்தார். பிறகு கைகள் மடியில் ஓய்ந்தன.

நெடுநேரம் கழித்து, தம்மை அறியாமலே சேந்தனார் சொன்னார்:

"நான் அவர்களுக்குப் பயப்படுகிறேன், அடிகளே."

"நாளை வாருங்கள்" என்றார் குரத்தி. அன்று அவர் குரல் மிக மென்மையாக இருந்தது.

இரண்டாம் மாதம் ஒரு நாள், சேந்தனார் எப்போதும் போடும் கணக்கு ஒன்றைப் போட்டார்.

"சதுரமான குளம். அதன் மூன்று கரைகளில், கரைக்கு ஆறு பனை நிற்கிறது. மொத்தம் எத்தனை பனை?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அமைதி. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் இருந்த தத்தன் சொன்னான்:

"பதினாறு, ஐயா."

'பதினெட்டு' என்ற சொல் சேந்தனாரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"எப்படி எண்ணினாய்? காட்டு."

தத்தன் எழுந்து வந்தான். மணலில் சதுரம் கீறினான். புளியங்கொட்டைகளை எடுத்து, முதல் கரையில் மூலைக்கு மூலை ஆறு வைத்தான். அடுத்த கரைக்கு ஐந்துதான் வைத்தான்.

"ஐந்துதானே வைக்கிறாய்?"

"மூலைப் பனை ஏற்கெனவே நிற்கிறதே, ஐயா. அது இரண்டு கரைக்கும் பொது."

மூன்றாம் கரைக்கும் ஐந்து வைத்தான். கரைக்கு ஆறு. மொத்தம் பதினாறு.

சேந்தனார் மணலில் குந்தினார். கொட்டைகளை ஒருமுறை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

அப்போதுதான் வெண்ணியின் குரல் வந்தது. குரத்தி கேட்ட அன்று எவ்வளவு தேடியும் வராத குரல். இதே கணக்கு, இதே இடம்.

'பதினாறு, ஐயா.'

'பதினெட்டு. உட்கார்.'

அன்று மாலை அவர் குன்றுக்கு ஓடினார் என்றே சொல்லவேண்டும். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுதார்.

"உட்கார் என்றேன், அடிகளே. சரியாகச் சொன்ன பிள்ளையை உட்கார் என்றேன். அதனால்தான் போய்விட்டாள்."

"அவள் அப்படிச் சொன்னாளா?"

"சொல்லவேண்டுமா? எனக்குத் தெரியாதா?"

குரத்தி பீலியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளை வாருங்கள்" என்றார்.

மழை விட்டது. சாலையில் சேறு இறுகிக் கெட்டியானது. குரத்தி புறப்படும் நாள் வந்தது. அவருக்குக் கட்டிக்கொள்ள மூட்டை ஏதும் இல்லை. பீலியும் நீர்க் கமண்டலமும்தான்.

"இன்னும் நீங்கள் எனக்கு எதையுமே கற்பிக்கவில்லையே" என்றார் சேந்தனார். கேட்கிறாரா கெஞ்சுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "இன்னும் ஒரு மாதம் தங்கக்கூடாதா?"

"மாறன் வீட்டுக் கூரை வேய்ந்தாயிற்றா?"

"ஆயிற்று. போன வாரம் எல்லோருமாகப் போய் வேய்ந்தோம்."

"கண்ணந்தைக்கு இன்னும் ழகரம் வரவில்லையா?"

"பாடும்போது வருகிறது. பேசும்போது வருவதில்லை."

"தத்தன்?"

"என்னைக் கேள்வி கேட்டே கொல்கிறான்."

பதினொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். பதினொருவரைப் பற்றியும் சேந்தனார் சொன்னார். கடைசிப் பெயருக்கு விடை சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது. குரத்தி இந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தார். குரத்தி குன்றிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பீலியால் முன்னே வழியைத் தடவியபடி, மெதுவாக. அந்த வெள்ளை ஆடை வளைவில் மறையும்வரை சேந்தனார் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒன்பது நாள் கழித்து, பள்ளி விட்ட பிற்பகலில், சாலையில் எருதுகளின் மணி கேட்டது. உப்பு வண்டிகள் இளைப்பாற வரிசையாக நின்றிருந்தன.

சேந்தனார் இந்த முறை வேலை இருப்பதுபோல நடிக்கவில்லை. நேராகப் போய், ஒவ்வொரு வண்டியாக நின்று, "வெண்ணி என்று ஒரு பெண் உண்டா?" என்று கேட்டார்.

ஏழாவது வண்டியில் இருந்தாள். வளர்ந்திருந்தாள். உப்பு மூட்டைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த கைகள் காய்த்துப் போயிருந்தன. திரும்பிப் பார்த்தவள் கயிற்றை விட்டுவிட்டு இறங்கிவந்து வணங்கினாள்.

"ஐயா!"

சேந்தனார் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைக் கொட்டினார். "நீ சொன்னதுதான் சரி, வெண்ணி. பதினாறுதான். நான்தான் தவறு. அன்று உன்னை உட்காரச் சொன்னேனே, இரண்டு மாதமாக அது என்னை..."

"எது ஐயா பதினாறு?"

"பனை. குளத்துக் கரையில். மூலைப் பனை."

வெண்ணி யோசித்தாள். இல்லையென்று தலையசைத்தாள்.

"நினைவில்லையே, ஐயா."

"அதற்காகத்தானே நீ போனாய்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "அதற்காகவா? இல்லை, ஐயா."

முன்வண்டிகள் நகரத் தொடங்கின. யாரோ அவளைப் பெயர் சொல்லி அதட்டிக் கூப்பிட்டார்கள். அவள் ஓடிப்போய் நுகத்தைப் பிடித்து, எருதைப் பூட்டி, முன்தட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சேந்தனார் சாலையில் நின்றார். சொல்வதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தார். அத்தனையும் நினைவிலிருந்து உதிர்ந்து போயின.

"பின்னே ஏன் போனாய்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

வெண்ணி அவரைப் பார்த்தாள். எருதின் முதுகைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அது நிறைய இருக்கிறது, ஐயா. நிற்க நேரமில்லை. வண்டி போகவேண்டும்."

வண்டி நகர்ந்தது.

சேந்தனார் சக்கரத்தோடு நான்கு எட்டு நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளி உட்கார், அம்மா."