முடியாத வெள்ளிக்கிழமை

கொட்டாவூர்க்காரர்களைப் பற்றி நான் எப்போதும் பாதிதான் சொல்வது வழக்கம். மீதிப் பாதியையும் சொன்னால் என்னைப் புளுகன் என்பீர்கள். வேலூருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் வெல்டிங் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. அவர்கள் பற்றவைத்த இரும்பை யானை கட்டி இழுத்தாலும் பிரிக்க முடியாது. கையில் இருக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம் கழுத்துக்கு மேலே ஏறவில்லை, அவ்வளவுதான் குறை.

அந்த ஊரிலிருந்து நாலு பேர் ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில் சுவீடன் நாட்டின் வடகோடியில் ஒரு தொழிற்சாலைக்கு வெல்டர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூத்தவன் ஏகாம்பரம். நாலு பேருக்கும் சேர்த்து யோசிக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவன். அவனுடைய தங்கையைக் கட்டியவன் வடமலை. மூன்றாவது ஆள் கன்னியப்பன். அவன் ஊரிலிருந்து தினசரிக் காலண்டர் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். நாலாவது ஆள் தசரதன், எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்பான்.

கைபேசி இருக்கும்போது காலண்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விமானத்தை விட்டு இறங்கியதும் நாலு கைபேசிகளும் தாமாகவே மணியை மாற்றிக்கொண்டன. யாரும் தொடவே இல்லை. "நம்ம கண்ணு முன்னாடியே பொய் சொல்லுது பாரு. இனிமே இத நம்பக்கூடாது," என்று ஏகாம்பரம் தீர்ப்புச் சொல்லிவிட்டான். காலண்டர் அப்படியெல்லாம் செய்யாது. ராத்திரி தூங்கி, விடிந்ததும் ஒரு தாளைக் கிழித்தால் ஒரு நாள்.

சுவீடனில் ராத்திரி எங்கே இருக்கிறது என்பதையும் அவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த வீட்டின் சன்னலுக்கு மேலே கறுப்புத் திரை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. கயிற்றை இழுத்தால் ராத்திரி கீழே இறங்கும். காலையில் இன்னொரு இழுப்பு இழுத்தால் மேலே போய்விடும். "கரண்டு மாதிரி ராத்திரியையும் வீட்டுக்கு வீடு குடுத்து வச்சிருக்கான்பா," என்று வியந்தார்கள்.

ஊராட்சி அலுவலகத்தில் உல்ரிகா என்ற அம்மாள் இருந்தாள். புதிதாக வருகிறவர்கள் சுவீடன் வாழ்க்கையை அனுபவித்துப் பழகவேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதைத் தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்து, "எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள், ஒரு குறையும் வராது" என்றாள். நல்ல பெண்மணி. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முதல் வரி, வீட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அட, நாம பொறந்ததிலிருந்தே சுவீடன்காரங்கதான்டா!" என்றான் ஏகாம்பரம். நாலு பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்தது ஏரிக்கரையில் இருக்கும் பாஸ்து. அது ஒரு மர அறை. உள்ளே அடுப்பில் கல்லைக் காயவைத்து ஆவி ஏற்றுவார்கள். "சூடு தாங்காது என்று தோன்றும்வரை உட்காருங்கள். பிறகு ஏரியில் குதியுங்கள்" என்று பட்டியலில் இருந்தது. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்து, வருஷக்கணக்கில் வெல்டிங் நெருப்புக்கு முன்னால் நின்றவர்களுக்குச் சூடு எப்போது தோன்றுவது?

ஒரு மணி நேரம் கழித்து, "எனக்குத் தோணலை. உனக்கு?" என்றான் ஏகாம்பரம்.

"சித்திரை மாசம் காலைல எட்டு மணி கணக்கா இருக்குது," என்றான் வடமலை. "ஒரு போர்வை இருந்தா படுத்துடலாம்."

மூன்று மணி நேரமாக யாரும் வெளியே வராததைக் கண்டு பயந்துபோன காவலாளி, என்ன ஆயிற்றோ என்று உள்ளே ஓடிவந்தார். வந்தவருக்குத்தான் சூடு தாங்கவில்லை. உடுப்போடு ஓடி ஏரியில் குதித்தார். "சரி, நம்ம சார்பா ஒருத்தர் குதிச்சிட்டாரு," என்று அந்த வரியையும் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

இதற்கு நடுவில் வடமலைக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. அவன் மனைவி அஞ்சுகம் புறப்பட்டு வருகிறாள். கல்யாணமாகி ஏழு மாதம். அதில் ஆறு மாதம் அவன் வேலூரில் பயிற்சி, சென்னையில் பரீட்சை என்று அலைந்ததில் போய்விட்டது. அவளோ கண்டிப்பான பெண். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ரயில் வருது. ஸ்டேஷன்ல நீ நிக்கணும். நிக்கலைன்னா அதே ரயில் திரும்பறப்ப நானும் ஏறிடுவேன். அப்புறம் கொட்டாவூர்ல வந்து என் முகத்துல முழிக்காத," என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். பயல் அன்றிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வாரம்தான் நடுக்கோடைத் திருவிழா. வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டு, ஊரே திடலில் கூடியது. இலையும் பூவும் சுற்றிய பெரிய கம்பத்தை நட்டு, எல்லோரும் கைகோத்துச் சுற்றினார்கள். தவளை மாதிரி குந்திக் குந்திக் குதித்தார்கள். "உங்களுக்கு முன்னால் இருப்பவர் செய்வதைச் செய்யுங்கள்" என்பது பட்டியல். செய்தார்கள். ஆட்டம் முடிந்தது. தசரதனுக்கு முன்னால் குதித்த மனிதர் தன் காரில் ஏறினார். தசரதனும் ஏறினான். அவர் சுவீடன்காரர், "நீ யார்?" என்று கேட்பது மரியாதை இல்லை என்று பேசாமல் ஓட்டினார். வீட்டுக்குப் போய் அவர் தன் மனைவிக்கு முத்தம் கொடுத்த பிறகுதான் தசரதன் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்து, "அது எப்படி?" என்று யோசித்துத் திரும்பி நடந்து வந்தான்.

பட்டியலில் கடைசி வரி ஒன்றுதான் பாக்கி. "இந்த நாட்டில் யாருடைய நிலத்திலும், வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம். விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்."

"இன்னிக்கு வெள்ளி. ஒரு ராத்திரி தங்கினா நாளைக்கு சனி. ஞாயித்துக்கிழமைக்கு நீ சிங்கம் மாதிரி ஸ்டேஷன்ல நிக்கலாம்," என்றான் ஏகாம்பரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கன்னியப்பன் காலண்டரையும் எடுத்துக்கொண்டான்.

ஸ்டூரே என்ற வயதானவருடைய புல்வெளியின் ஓரத்தில் கூடாரம் அடித்தார்கள். அவரிடம் போய், ஒரு ராத்திரி தங்கலாமா என்று சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் கேட்டார்கள். அந்த வடக்குச் சீமையில் 'சரி' என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். 'ஷூப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அதுதான் சம்மதம். ஸ்டூரேயும் இழுத்தார்.

"ஐயையோ, பெரியவருக்கு இழுப்புடா!" என்று அலறி, நாலு பேரும் அவரைப் படுக்கவைத்து, மார்பில் தைலம் தடவி, மிளகு ரசத்தை வாயில் ஊற்றினார்கள். ரசம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மறுபடியும் 'ஷூப்' என்றார். இன்னொரு டம்ளர் ஊற்றினார்கள்.

பிறகு ராத்திரி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

சூரியன் மெதுவாகக் கீழே இறங்கியது. மலைக்கு மேலே ஒரு முழம் இருக்கும்போது அப்படியே நகர்ந்து, மறுபடியும் ஏறத் தொடங்கியது.

"எறங்கினவன் மறுபடி ஏறுறானே, அது எப்படி?" என்றான் தசரதன்.

"எதையோ மறந்துட்டான் போல. எடுத்துக்கினு வருவான். இரு," என்றான் ஏகாம்பரம்.

கண் சொருகியது, தூங்கினார்கள். எழுந்தபோது வெயில் அடித்தது. கன்னியப்பன் காலண்டரைக் கிழிக்கக் கை வைத்தான். ஏகாம்பரம் பாய்ந்து தடுத்தான்.

"ராத்திரி வந்துச்சா?"

"வரலை."

"ராத்திரி வராம எப்படிடா விடியும்? இப்ப நாம தூங்கினது பகல் தூக்கம். பகல் தூக்கத்துக்கெல்லாம் தேதி கிழிப்பாங்களா?"

கிழிக்கமாட்டார்கள்தான். காலண்டர் வெள்ளிக்கிழமையிலேயே நின்றது.

இதில் பாவப்பட்டவன் கன்னியப்பன். அவனுக்கு வெள்ளிக்கிழமை விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு, கவுச்சி கூடாது. ஸ்டூரே ரசத்துக்குப் பதில் மரியாதையாகப் புகைபோட்ட மீன் கொண்டுவந்தார். மற்ற மூவரும் அந்த ஒரே வெள்ளிக்கிழமையில் ஆறு வேளை சாப்பிட்டார்கள். கன்னியப்பன் மீனின் வாலையே பார்த்துக்கொண்டு, "இப்படி ஒரு நீளமான வெள்ளிக்கிழமைய நான் பார்த்ததே இல்லடா," என்று அழுதான்.

"குளிர் தேசம் இல்ல? இங்க பசி ஜாஸ்தி," என்று ஏகாம்பரம் ஏழாவது வேளைக்கு அடுப்பு மூட்டினான்.

ஸ்டூரேக்கு ஒரு சங்கடம். ஒரு ராத்திரிக்கு மேல் ஆகிறது. ஆனால் விருந்தாளியிடம் 'போ' என்று எப்படிச் சொல்வது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்றைக்குச் சனிக்கிழமை" என்று மட்டும் சொன்னார். நாலு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "வயசாயிடுச்சு, பாவம். நாள்கூடத் தெரியலை," என்றான் வடமலை. "ராத்திரி வந்ததும் தங்கிட்டுப் போயிடுவோம், தாத்தா. நாங்க சட்டத்த மீறமாட்டோம்." ஸ்டூரே வானத்தைப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். சட்டப்படி பார்த்தால் பயல்கள் சொல்வதில் தப்பில்லை என்றுதான் அவருக்கும் பட்டது.

வடமலை அவரிடம் அஞ்சுகத்தின் போட்டோவை எடுத்துக் காட்டினான். "இன்னும் ரெண்டு நாள்தான், தாத்தா. வந்துடுவா. நான் ஸ்டேஷன்ல நிக்கலைன்னா போயிடுவா, அவ்ளோ ரோஷம்," என்று சொல்லி, போட்டோவைத் துடைத்து உள்ளே வைத்தான். அப்படி ஒன்பது தடவை காட்டினான்.

ஒன்பது தடவை காட்டியதுதான் அவன் வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு, ஸ்டூரே தன் அக்காவை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அங்கே போட்டோவில் பார்த்த முகம், மூன்று பெட்டிகளோடும் கண் நிறையத் தண்ணீரோடும் திரும்பும் ரயிலில் ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தது. கிழவர் அந்த வயதில் ஓடினார். பெட்டியைப் பிடித்து இழுத்து, மிளகு ரசம் குடிப்பதுபோல் சைகை காட்டினார். அஞ்சுகத்துக்குப் புரிந்துவிட்டது. ரசம் வைக்கிறவர்கள் அந்தச் சீமையில் வேறு யார்?

கார் புல்வெளியில் வந்து நின்றது. அஞ்சுகம் இறங்கினாள்.

"யோவ்! ஸ்டேஷனுக்கு ஏன்யா வரலை?"

வடமலை கரண்டியைக் கீழே போட்டான். சந்தோஷத்தில் ஓடிவந்து கேட்டான்: "அஞ்சு! நீ ஏன் வெள்ளிக்கிழமையே வந்துட்ட?"

"வெள்ளிக்கிழமையா? ஞாயித்துக்கிழமைய்யா இன்னிக்கு!"

கன்னியப்பன் காலண்டரை நீட்டினான். அவள் பார்த்தாள். வெள்ளி என்று பெரிய எழுத்தில் இருந்தது. ராகு காலம், எமகண்டம் எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு உரியதாகவே இருந்தன.

"நாலு பேரும் கண் கொட்டாம காத்துக்கினு இருக்கோம். இன்னும் ராத்திரிகூட ஆகலைம்மா," என்றான் ஏகாம்பரம்.

அஞ்சுகம் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவளும் கொட்டாவூர்தானே. மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது.

"ஆமாண்ணா... ப்ளேன்ல அந்தப் பொண்ணு கடிகாரத்தைப் பின்னாடி தள்ளச் சொன்னா. தள்ளினேன். நடுவுல ஒரு ஊர்ல எறங்கினா, அங்கயும் பின்னாடி தள்ளச் சொன்னாங்க. ரயில்ல ஏறினதிலிருந்து ராத்திரியே வரலை. தள்ளித் தள்ளி ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே கொண்டாந்து விட்டுட்டாங்க!" சட்டென்று வாயில் கை வைத்தாள். "ஐயோ! நான் ஊர்ல கிளம்பினதே வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்படின்னா இந்நேரம் நான் அங்க பெட்டி கட்டிக்கினு இல்ல இருக்கணும்!"

"அது எப்படி?" என்றான் தசரதன்.

வடமலை அவள் கையைப் பிடித்தான். "பரவாயில்ல அஞ்சு. வந்ததுதான் வந்த. இரு."

அவள் கையை உதறினாள். "அதெப்படி? ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமையே புருஷன் முன்னாடி வந்து நின்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க? என்னை ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடு. நீ ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு முறையா வந்து கூட்டிக்கினு போ. அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்ல."

நியாயமான பேச்சு. ஸ்டூரே பெருமூச்சு விட்டுப் பெட்டிகளை மறுபடி காரில் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வடமலையும் கூடவே ஏறிக்கொண்டான். மற்ற மூவரும் கூடாரத்திலேயே இருந்தார்கள். ராத்திரி வருகிற சமயம் பார்த்து ஆள் இல்லாமல் போனால் நன்றாக இருக்காதே.

ஸ்டேஷனில் ஒரே ஒரு பெஞ்சுதான். இருவரும் அதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எத்தனையோ மணி நேரம் போயிற்று. ஸ்டேஷனைப் பெருக்க வந்த பெண், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று அஞ்சுகத்தைக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு," என்றாள் அஞ்சுகம். அதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏழு மாசத்துல ஒரு மாசம்கூட முழுசா அவர்கூட இருந்ததில்ல. வருவாரோ மாட்டாரோ தெரியலை."

பக்கத்தில் இருந்த வடமலைக்கு மனசு கேட்கவில்லை. முகத்தை அந்தப் பக்கமாகவே வைத்துக்கொண்டு, கைக்குட்டையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டினான்.

"அழாதம்மா, கண்டிப்பா வந்துடுவாரு," என்றான். "எனக்கு அவர நல்லாத் தெரியும்."