உள்ளங்கையில் ஊர்ந்தது

“கண்ணு போன மனுசன் எப்படிம்மா நடக்கிறது?” என்று கேட்டார் சுடலைமுத்து.

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நோய் வந்து இரண்டு கண்ணும் அவிந்துபோயின. தான் பஸ் ஓட்டிய தெருவிலேயே யாரோ கைபிடித்துக் கூட்டிப்போவதைத் தாங்க மாட்டாமல், இந்த மலையடிவார மடத்துக்கு வந்துவிட்டார்.

நாற்பது நாளாயிற்று. அறையைவிட்டு வெளியே வரவில்லை. நேற்றுதான் துணிந்து எழுந்தார். கட்டில் கால் தடுக்கி, முழங்கால் கிழிந்தது.

மடத்தை நடத்தும் பொற்கொடியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். துறவுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதித்தவர். பழைய நுண்ணோக்கி ஒன்று இன்னும் அவரிடம் உண்டு.

பொற்கொடியம்மா அதை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

“விரலைக் காட்டுங்க, ஐயா.”

ஊசி குத்தியது. கண்ணாடித் தகடு ஒன்று கிணிங்கென்றது. ஏதோ திருகு திரும்பியது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. தூரத்து அருவி மட்டும்.

“என்னம்மா பாக்குறீங்க?”

“உங்க ரத்தத்தில ஒரு வெள்ளணு. நகர்ந்துக்கிட்டு இருக்கு.”

“அதுக்குக் காலு இருக்கா?”

“உள்ளங்கையை விரிங்க. அது நகர்றதை விரலால காட்டுறேன்.”

பொற்கொடியம்மாவின் விரல் நுனி அவர் கையில் வந்து அமர்ந்தது. அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒரு பக்கமாக நீண்டது.

“உடம்பிலிருந்து ஒரு விரல் மாதிரி நீட்டுது. தொட்டுப் பாக்குது.”

விரல் நின்றது. பின்வாங்கியது.

“பிடி கிடைக்கலை. உள்ள இழுத்துக்கிட்டது.”

இன்னொரு பக்கம் நீண்டது. அதையும் இழுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை நீண்டு, அழுந்தியது.

“ஒட்டிக்கிட்டது. இப்ப உடம்பு முழுக்க அந்த விரலுக்குள்ள வழிஞ்சு போகுது. பின்பக்கம் பிடியை விட்டுருச்சு.”

சுடலைமுத்துவுக்கு உள்ளங்கை வயல்வெளி போல அகன்றுகொண்டே போயிற்று. அந்த வெளியில் தானே வழிந்து போவதாகத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. கை வெதுவெதுப்பாயிற்று.

“இதுமாதிரி ஆயிரக்கணக்கில இப்ப உங்க முழங்கால் காயத்துக்குள்ள ஊர்ந்துக்கிட்டு இருக்கு” என்றார் பொற்கொடியம்மா.

சுடலைமுத்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

“அதுக்குக் கண்ணு எங்கம்மா இருக்கு?”

“கண்ணே இல்லை, ஐயா.”

சுடலைமுத்து கையை மூடினார், திறந்தார். பிறகு எழுந்தார்.

பொற்கொடியம்மா தாங்கிப் பிடிக்க வரவில்லை.

சுடலைமுத்து வலது கையை நீட்டினார். வெறும் காற்று. மடக்கிக்கொண்டார். இடது கையை நீட்டினார். சுவர். சுவரோடு நான்கு எட்டு. சுவர் முடிந்தது, வாசல் நிலை தட்டுப்பட்டது. ஒரு காலை வெளியே வைத்து அழுத்திப் பார்த்தார். ஈரமண். உடம்பு முழுவதும் அதன்மேல் சாய்ந்தது. மற்றக் காலும் வந்தது.

முகத்தில் வெயில் விழுந்தது.

“எங்க போறீங்க, ஐயா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தெரியலம்மா” என்றார் சுடலைமுத்து, அடுத்த காலை நீட்டிக்கொண்டே.